கிளேபாங் போகாத ஷார்தொனே

பாண்டிச்சேரியில் கிளம்பும்போது என்னிடம் மூன்று புட்டி வெள்ளை ஒயின் இருந்தது. மலாக்காவில் பேருந்தை விட்டு இறங்கியபோது இரண்டுதான் இருந்தது. அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் சாலை நடுவே படுத்திருந்த ஒரு எருமைக்காக ஓட்டுநர் போட்ட பிரேக்கில் ஒன்று உடைந்து, எனக்கு முன்னால் இருந்த அம்மாளின் கோழிக் கூடைக்குள் வடிந்துவிட்டது. அதுவரை என் காதைத் தின்றுகொண்டிருந்த கோழிகள் அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். பிரான்ஸ் தேசத்து உயர்ந்த திராட்சைக்கு ஒரு வாழைப்பழம் என்று நினைத்துக்கொண்டே வாங்கித் தின்றேன்.

நான் எதற்காக ஒயினைத் தூக்கிக்கொண்டு மலாயாவுக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் ஒரு பக்கம் இரும்புச் சாமான், மறுபக்கம் ஒயின். நான் ஒயின் பக்கம். எந்தப் புட்டி எந்த மீனுக்குப் பொருந்தும் என்று துரைமார்களுக்கே பாடம் நடத்துகிற வாய் எனக்கு. என் அம்மாவுக்கு மட்டும் நான் இரும்புப் பக்கம் வேலை பார்ப்பதாகத்தான் தெரியும்.

எங்கள் ஊரில் கொடி மாறிய பிறகு துரைமார்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறினார்கள். எல்லையைத் தாண்டினால் மதராஸ் ராஜ்யம், அங்கே மதுவிலக்கு. குடிக்க ஆளில்லாமல் நிலவறையில் பெட்டி பெட்டியாக ஷார்தொனே தூங்கியது. அதை வாங்கச் சொல்லி முதலாளியை நச்சரித்தவனும் நான்தான்.

அது சாதாரண ஒயின் இல்லை. விளைவித்தவர் ஒரு மாதிரியான மனிதர். மாட்டுக் கொம்புக்குள் பசுஞ்சாணியை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைப்பாராம். வசந்தத்தில் தோண்டி எடுத்து, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டு, இப்படியும் அப்படியுமாக நெடுநேரம் சுழற்றிக் கலக்கிக் கொடிகளின் அடியில் தெளிப்பாராம். கொடி நறுக்குவதும் களை எடுப்பதும் நிலவு பார்த்துத்தான். ரசாயன உரம் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பிரெஞ்சில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். முதலாளி அதை ‘உயிர்விசை விவசாயம்’ என்று தமிழாக்கி, “இது நம்ம பஞ்சாங்கம்டா!” என்று மகிழ்ந்து வாங்கிவிட்டார். துரைமார்களோ சாணி ஒயினா என்று மூக்கைப் பொத்தினார்கள். விலையைக் கேட்டதும் காதையும் பொத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மலாக்காவில், கிளேபாங் கடற்கரையில் பெரிய பங்களா வைத்திருந்த ஒரு தவுக்கேயின் தகவல் வந்தது. தவுக்கே என்றால் அந்த ஊரில் சீன முதலாளி. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, ஊரை விட்டுப் போகிற வெள்ளைக்காரர்களுக்கு அவர் பெரிய விருந்து வைக்கப்போகிறார், நல்ல வெள்ளை ஒயின் தேடுகிறார். அவர் ருசி பார்த்துச் சரி என்றால் எங்கள் நிலவறை மொத்தமும் கப்பலேறும். முகம் சுளித்தால் ஒயின் பக்கத்தைப் பூட்டிவிட்டு என்னை ஆணி நிறுக்க அனுப்பிவிடுவதாக முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதையெல்லாம் செய்துவிடுகிறவர்.

தங்கும் இடமும் தவுக்கேயின் ஏற்பாடு. காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்ற இடத்தில், காலமாகிவிட்ட தன் நண்பரின் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். “செட்டி வீடா? அப்ப உனக்குச் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் குறைவே இல்ல” என்று முதலாளி என்னை வழியனுப்பினார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து பெச்சாவில் போனேன். நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாதான், ஆனால் இங்கே ஓட்டுகிறவர் நமக்குப் பக்கத்தில் இருந்து மிதிக்கிறார். மலாக்காவின் சாக்கடைகள் ஆழமானவை, சுத்தமானவை. இரண்டும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், திரும்பும் இடத்தில் எங்கள் பெச்சாவின் ஒரு சக்கரம் அதில் இறங்கியது. ஒரு புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். இன்னொன்று துள்ளி உள்ளே போயிற்று. பெச்சாக்காரர் எட்டிப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். வாசனை நன்றாக இருக்கிறது என்றாராம். அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தவர், எதிரே மளிகைக் கடை வாசலில் நின்று இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்த காசிம் ராவுத்தர்.

“தம்பி தமிழா? எந்த ஊரு?”

பாண்டிச்சேரி என்றேன். அவருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். பிறந்ததிலிருந்து மலாக்காவில்தான் இருக்கிறார். நான் எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அங்க போயி தமிழ் பேசினா சூசாதான் தம்பி. கஷ்டம். அவங்க சாமிக்குத்தான் தமிழ் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. வாங்க, நானும் வர்றேன்.”

அவர் சொன்னது உண்மை. வீட்டுக்கார மீனாட்சி அக்கா வாசலில் நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு, தலையில் இறுக்கிய கொண்டை, உடுத்தியிருந்தது மலாய்க்காரிகளைப் போல சாரோங்கும் கெபாயாவும். பக்கத்துக் கோயிலில் மாரியம்மனுக்கு மணி அடித்தது. எனக்கு ஊருக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது. கையைக் குவித்து ஒரு நீண்ட வணக்கம் சொல்லி, பயணம், எருமை, சாக்கடை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ராவுத்தரைப் பார்த்து மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சாப்பிட்டாச்சான்னு கேக்குறாங்க” என்றார் ராவுத்தர்.

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். சாமியும் சடங்கும் அப்படியே இருக்கின்றன, மொழி மட்டும் இடம் மாறிவிட்டது. வீட்டில் அக்காவும் அவர் கணவரின் தம்பி சுப்பையா பிள்ளையும் இருந்தார்கள். பிள்ளை அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அக்காவின் கணவர் கோவிந்தசாமி பிள்ளை இறந்து இரண்டு வருஷமாகிறது. தவுக்கே சொன்ன நண்பர் அவர்தான், இருவரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் படகில் மீன் பிடிக்கப் போவார்களாம்.

மிஞ்சியிருந்த ஒற்றைப் புட்டியை மேஜைமேல் வைத்தேன். அது என்னவென்று பிள்ளை கேட்டார். கொம்பு, சாணி, நிலவு எல்லாவற்றையும் நான் தமிழில் சொல்ல, ராவுத்தர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மலாயில் சொன்னார்.

“வாயால சொல்றது வேற, கையால தொடுறது வேற” என்று எனக்கு விளக்கமும் கொடுத்தார். “நமக்கு ஹராம் லா. ஆனா மொழிபெயர்ப்புக்குக் கணக்கு கிடையாது.”

அக்கா கண்ணைச் சிமிட்டாமல் கேட்டார். பசுவின் கொம்பு என்றதும் கையைக் கூப்பினார். நிலவு பார்த்துக் கொடி நறுக்குவார்கள் என்றதும் வேறு எப்படி நறுக்குவார்கள் என்று கேட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்குப் புரியவைக்க நான் வருஷக்கணக்கில் தொண்டை வற்றிய சங்கதி அந்த வீட்டில் ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது.

அடுத்த கவலை வெயில். ஒயின் சூட்டில் நின்றால் கெட்டுப்போகும். எனக்குக் கொடுத்த அறை தகரக் கூரைக்கு நேர் கீழே அனலாகத் தகித்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. தரையில் பழைய களிமண் ஓடு, கால் வைத்தால் ஜில்லென்றது. சுவரில் இறந்துபோனவர்களின் படங்கள், கீழே ஒரு விளக்கு, வேறு சாமான் எதுவும் இல்லை. எங்கள் நிலவறைக்கு இதைவிட நல்ல தங்கை கிடைக்காது என்று மகிழ்ந்து, புட்டியைக் கொண்டுபோய்ச் சுவரோரமாகப் படுக்க வைத்தேன். திரும்பினால் வாசற்படியில் அக்கா நின்றிருந்தார். புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் கலங்க என்னைக் கும்பிட்டார். பொருளின் அருமை தெரிந்த வீடு என்று எண்ணி, நானும் பெருமையாகக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் ஊர் சுற்றினேன். மலாக்காவும் பாண்டிச்சேரியும் ஒரே மாதிரி நோஞ்சான் ஊர்கள். கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வருகிற துரைக்கெல்லாம் நாற்காலி போட்டுக் கொடுத்த ஊர்கள். எங்களுக்கு ஒரே துரைதான். இவர்களுக்குப் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று. டச்சுக்காரன் கட்டிய கட்டடங்களுக்குச் சிவப்பு பூசி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மஞ்சள். மற்றபடி சுவரோர நிழலும், பகல் தூக்கமும், உப்புக்காற்றும் அதேதான். ரொட்டி மட்டும் எங்கள் ஊர் ரொட்டிக்குக் கால்தூசி பெறாது. ஆனால் இவர்கள் காலையில் வாழையிலையில் மடித்துக் கொடுக்கிற தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், அதன் ஓரத்தில் ஒரு காரமான சம்பல்! அதைத் தின்ற பிறகு ரொட்டியைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

ஆற்றோரக் காப்பிக் கடையில் ராவுத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதையெல்லாம் எனக்காக ஒட்டுக்கேட்டார். ஒரு சீனர் மெர்டேக்கா வந்த பிறகு தெரு நாய்களை யார் பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். இப்போது மட்டும் யார் பிடிக்கிறார்கள் என்று ஒரு மலாய்க்காரர் திருப்பிக் கேட்டாராம். மெர்டேக்கா என்றால் சுதந்திரம். இந்த ஊர் மைதானத்தில்தான் அதன் நாளை அறிவித்தார்கள் என்று எல்லோருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டுக் களை. எங்கள் ஊரில் கொடி மாறியபோது எப்படி இருந்தது என்று ராவுத்தர் கேட்டார். பட்டாசு வெடித்தோம், அழுதோம், மறுநாள் காலையில் கடை திறந்தோம் என்றேன். அவர் அதைக் கடை முழுக்க மொழிபெயர்த்துவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாலையில் பிள்ளையோடு பாசாருக்குப் போனேன். சந்தை என்றால் சந்தை. ரம்புத்தான், மங்குஸ்தான், பலா, மா, எல்லாவற்றுக்கும் மேலே தூரியான். அந்தப் பழத்தின் வாசனையைப் பற்றி என் மூக்கு எழுத மறுக்கிறது. ஆனால் பிள்ளை ஒன்றைப் பிளந்து ஒரு சுளையை என் வாயில் திணித்தபோது, வாய் வேறு கட்சி என்று தெரிந்தது. கூடை கூடையாக வாங்கினார். கல்யாணமா என்று கேட்டேன். அவருக்கு எனக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. ராவுத்தர் கடையைத் தாண்டும்போது அவர்தான் சொன்னார்.

“நாளைக்கு அவங்களுக்கு பார்ச்சு தம்பி. செத்துப்போன பெரியவங்களுக்கு இலை போட்டுப் படைப்பாங்க. தை மாசம் ஒண்ணு, பழ சீசன்ல ஒண்ணு. இது பழத்துக்கு. நல்ல மக்கான், விடாதீங்க.”

சாப்பாடு என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. அன்று மாலையே தவுக்கேயின் ஆளும் வந்து, மறுநாள் மதியத்துக்கு மேல் கார் வரும், புட்டியோடு தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையிலேயே நான் பனிக்கட்டி தேடிக் கிளம்பினேன். இந்த ஒயினைப் பனிக்கட்டியில் புதைத்து, புட்டி வியர்க்க வியர்க்க எடுத்துத்தான் பாண்டிச்சேரியில் ஊற்றுவேன். ஒரு கிடங்கில் பெரிய கட்டியாக அறுத்து, மரத்தூளில் புரட்டி, சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். பெச்சா ஏறினேன். இந்த முறை சாக்கடையில் இறங்கவில்லை, ஆனால் ஒரு பள்ளிக்கூட ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். மெர்டேக்காவுக்கு ஒத்திகையாம். பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு நத்தை வேகத்தில் நடக்க, என் மடியில் பனிக்கட்டி ஒழுக, நான் ஒரு நீர்வீழ்ச்சிபோல வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். அக்கா, பிள்ளை, பக்கத்து வீட்டுச் சொந்தக்காரர்கள். தெருவோரத்தில் ராவுத்தரும். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை வந்தது. புட்டி உள்ளே இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கதவை நோக்கிப் போனேன். பிள்ளை என் தோளைப் பிடித்து நிறுத்தி, பெருமை பொங்கும் முகத்தோடு ஒரு மரக்கரண்டியைக் காட்டினார். அதன் காம்பால் எதையோ உள்ளே குத்தித் தள்ளுவதுபோல அபிநயம் பிடித்தார். எனக்கு விளங்கிவிட்டது. கார்க்கைப் புட்டிக்குள்ளேயே தள்ளித் திறந்திருக்கிறார்கள்.

நான் கத்தினேன். தமிழில் கத்தினேன், போதாமல் பிரெஞ்சிலும் கத்தினேன். மூன்றில் மிஞ்சிய ஒன்று, மலாயா வரை மடியில் வைத்துக் கொண்டுவந்தது, என் பிழைப்பு, ஆணி, தராசு என்று என்னவெல்லாமோ வந்தது.

“வாய மூடு தம்பி” என்றார் ராவுத்தர் பதறிப்போய். “உள்ள அவங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க.”

யார் என்று கேட்டேன்.

“செத்தவங்கதான். இலையில எல்லாம் வெச்சு, கும்பிட்டு, கதவச் சாத்திட்டு வெளிய வந்துருவாங்க. அவங்க நிம்மதியா சாப்பிடணும்ல? நீங்க சத்தம் போட்டா எழுந்து போயிருவாங்க.”

“என் புட்டியை யார் படைக்கச் சொன்னது?”

“நீங்கதான். நேத்து இல்ல, அதுக்கு முந்தின நாளே கொண்டுபோயி அந்த ரூம்ல வெச்சீங்களாமே? பார்ச்சு நெருங்கையில அந்த ரூம்ல வெச்சது எல்லாம் அவங்களுக்குத்தான். இந்த வீட்டு வழக்கம் அது. வெச்சத எடுக்கக் கூடாது.”

அக்கா நடுவில் ஏதோ மெல்லிய குரலில் சொன்னார்.  ராவுத்தர் செருமிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவங்க என்னா சொல்றாங்கன்னா, வருஷா வருஷம் புருஷனுக்கு பிராந்தி வைப்பாங்களாம். அவங்க பாட்டன் பூட்டன் வந்த நாட்டுலேர்ந்து ஒருத்தன் கடல் தாண்டி வந்து, யாரும் சொல்லாமலே நேரா அந்த ரூமுக்குப் போயி, அவருக்குன்னு ஒரு புட்டிய வெச்சானே, அந்த நாட்டுல எங்கள இன்னும் மறக்கலயான்னு அவங்க ராத்திரி பூரா அழுதாங்களாம்.”

கத்தியதற்கு வெட்கப்பட்டேன். கையில் சாக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, என் கோபத்தையும் அதோடு சேர்த்து வாசலில் இறக்கி வைத்தேன். நான் குளிர்ச்சி தேடித்தான் அங்கே போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இதற்குள் வெளியே ஒரு சர்ச்சை கிளம்பியிருந்தது. தூரியானும் மதுவும் சேர்ந்தால் ஆள் காலி என்பது மலாயாவில் குழந்தைக்கும் தெரிந்த விஷயமாம். கோவிந்தசாமி பிள்ளைக்கு இரண்டும் பிடிக்கும், இரண்டும் ஒரே இலையில் வைத்தாயிற்று. பக்கத்து வீட்டு மாமா ஒருவர் அது ஆபத்து என்றார். மீனாட்சி அக்கா திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அவருக்கு இனிமே என்னா ஆயிரப் போவுதுன்னு கேக்குறாங்க” என்று ராவுத்தர் எனக்குச் சொன்னார். ஆனாலும் எதற்கு வம்பு என்று பிள்ளை கதவைச் சாத்துவதற்கு முன்பே தூரியானை அடுத்த இலைக்கு, மதுவைத் தொடாத தன் பாட்டனார் இலைக்கு, நகர்த்திவிட்டாராம்.

சிரிப்பு அடங்குவதற்குள் கார் வந்து நின்றது. டிரைவரை மட்டும் எதிர்பார்த்தேன். பின் கதவைத் திறந்துகொண்டு தவுக்கேயே இறங்கினார், கையில் ஒரு கொத்து மங்குஸ்தான். வெள்ளைக் கால்சட்டை, தங்கப் பொத்தான், வழுக்கைத் தலை. வழக்கமாக இந்த நாளில் இந்த வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு போகும், இந்த வருஷம் நண்பனைப் பார்க்கத் தானே வந்துவிட்டார். அவரும் அக்காவும் ஒரே மாதிரி மலாயில் பேசிக்கொண்டார்கள். சீனரும் தமிழச்சியும் அப்படி அக்கா தம்பிபோலப் பேச, தமிழனான நான் ராவுத்தர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை கதவைத் தட்டி, கொஞ்சம் பொறுத்து, திறந்தார். பாயின்மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் வரிசையாக வாழையிலைகள். தேங்காய்ப்பால் சோறு, அன்னாசி போட்ட மீன் குழம்பு, வறுத்த கோழி, பலகாரம், பழம். ஓர் இலைக்குப் பக்கத்தில் என் ஷார்தொனே, ஒரு கண்ணாடித் தம்ளரில், விளக்கொளியில் பொன்னாக இருந்தது. புட்டி அதற்குப் பின்னால், உள்ளே கார்க் மிதக்க நின்றது.

எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, புட்டியும் தம்ளருமாக அந்தச் சாப்பாட்டையே கொண்டுவந்து பரிமாறினார்கள். தவுக்கே புட்டியைக் காட்டி, இதுதானா என்றார். நான் ஓரமாக நாற்காலியில் இருந்த ராவுத்தரைக் கெஞ்சினேன். ஒயின் சூடாகிவிட்டது, நெடுநேரம் திறந்து கிடந்துவிட்டது, கரண்டிக் காம்பால் திறந்தது, சாம்பிராணி ஏறியிருக்கும், தயவுசெய்து இதை வைத்து முடிவு செய்யாதீர்கள், வேறு புட்டி வரவழைக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். ராவுத்தர் நீளமாகச் சொன்னார். தவுக்கே அதற்குள் நண்பனின் தம்ளரை எடுத்து, நெற்றிக்கு நேராக ஒரு முறை உயர்த்தி, குடித்துவிட்டார்.

 அவர் மீன் குழம்பில் ஒரு பிடி சோற்றைப் பிசைந்து தின்றார். இன்னொரு மிடறு குடித்தார்.  பொறுக்க முடியாமல் நானும் என் தம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தேன்.

பனிக்கட்டியிலிருந்து எடுத்து எத்தனை முறை குடித்திருக்கிறேன்! அப்போதெல்லாம் இந்த ஒயின் உம்மென்று இருக்கும், புளிப்பும் குளிர்ச்சியும்தான் தெரியும். இன்று அது வாயைத் திறந்துவிட்டது. காற்றுப் பட்டுப் பட்டு, அந்த அறையின் மிதமான சூட்டில், வறுத்த பாதாம், வெண்ணெய், எலுமிச்சைத் தோல், மழை விழுந்த கல் என்று ஒவ்வொன்றாக வந்தது. அன்னாசியின் புளிப்பும் தேங்காய்ப்பாலின் வழவழப்பும் அதற்காகவே சமைத்தவைபோல இருந்தன. பாடம் நடத்துகிற வாய் என்று சொன்னேன் அல்லவா? அந்த வாய்க்கு அன்றுதான் தெரிந்தது, பனிக்கட்டியை வைத்து இத்தனை காலமும் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது யார் என்று.

தவுக்கே கையைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“விருந்துக்கு இது வேண்டாம்ங்கிறாரு” என்றார் ராவுத்தர்.

என் கண்முன்னால் ஆணியும் தராசும் வந்து நின்றன.  சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

தவுக்கே இன்னும் முடிக்கவில்லை. மெதுவாக, விரலால் இலையைக் காட்டிக்காட்டிப் பேசினார். ராவுத்தரின் முகம் மலர்ந்தது.

“விருந்துக்கு விஸ்கி போதுமாம். வெள்ளைக்காரன் அடுத்த மாசம் கப்பலேறிப் போயிருவான், திரும்பி வர மாட்டான். அவர் வீட்டுல அவங்க அப்பா, தாத்தாவுக்கு இதே மாதிரி வருஷத்துல பல தடவ படைப்பாங்க. இவ்வளவு நாளா ஏதோ பிராந்திய ஊத்தி அவங்கள ஏமாத்திட்டேங்கிறாரு. வெள்ளைக்காரன் போறவன், எங்கப்பா வருஷா வருஷம் வர்றவரு, நல்லது யாருக்கு வைக்கணும்னு நீயே சொல்லுங்கிறாரு. உங்க கடையில இருக்குறது எல்லாத்தையும் அனுப்பச் சொல்றாரு தம்பி, எல்லாத்தையும்!”

நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். ராவுத்தரையும் கட்டிக்கொள்ளப் போனேன். அவர் என் வாயில் வந்த வாசனைக்கு ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது.

சாப்பாடு முடிந்தது. புட்டியில் ஒரு தம்ளர் அளவு மிச்சம் இருந்தது. தவுக்கே அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அக்கா அதை எடுத்து என் கையில் கொடுத்து, உள்ளறையைக் காட்டி ஏதோ சொன்னார்.

“முதல்ல நாங்களா ஊத்தினோம், இப்ப கொண்டுவந்தவரே ஊத்தட்டும்ங்கிறாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இது என்னான்னே தெரியாது, எடுத்துச் சொல்லிட்டு ஊத்துங்கிறாங்க.”

உள்ளே போனேன். கவர்னர் மாளிகைக்குப் போய் ஊற்றியிருக்கிறேன். அங்கேகூடப் புட்டியை இப்படி இரண்டு கையாலும் ஏந்தியதில்லை. படத்தில் கோவிந்தசாமி பிள்ளை மீசையும் கோட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வழக்கப்படி புட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை முதலில் அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். ஐயா, இது ஷார்தொனே என்ற திராட்சை, பிரான்ஸிலிருந்து வருகிறது, பசுவின் கொம்பில் சாணி வைத்துப் புதைத்து உரம் செய்து, நிலவு பார்த்து வளர்த்தது என்று.

வாசற்படிக்கு வெளியிலிருந்து அக்காவின் கவலையான குரல் கேட்டது. அவருக்குத் தமிழ் தெரியாதே என்று சொல்லியிருக்க வேண்டும். ராவுத்தர் “அல்லாவே” என்று பெருமூச்சு விட்டார். எழுந்து உள்ளறைப் படி வரைக்கும் வந்து, அதற்குமேல் ஓர் அங்குலம் நகராமல் நின்றுகொண்டார்.

“சொல்லுங்க தம்பி, மெதுவா சொல்லுங்க” என்றார்.

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுவிடாமல், கோவிந்தசாமி பிள்ளைக்கு மலாயில் சொன்னார்.